"வேண்டாம்" என்று வாக்களித்தவர்களுக்கு என்ன பதில்?

கேள்வி: புதுச்சேரியில் வாழும் என் பெரியப்பா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். 2005-இல் ஐரோப்பிய அரசியலமைப்புக்கு எதிராக வாக்களித்ததாகவும், அந்த வாக்கைத் தலைவர்கள் குப்பையில் போட்டுவிட்டதாகவும் இன்றும் வருத்தப்படுகிறார். அது உண்மையா? மக்கள் மறுத்தால் ஐரோப்பியத் தலைவர்கள் எப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்?
— வாசகர், வில்லியனூர்

பதில்: உங்கள் பெரியப்பாவின் வருத்தம் நியாயமானது. 2005 மே 29 அன்று நடந்த அந்த வாக்கெடுப்புக்கு முன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கான பொது அரசியலமைப்பாக வரையப்பட்ட, 448 பிரிவுகள் கொண்ட ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு அரசே அச்சிட்டு வாக்காளர்களின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தது. படித்துப் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்பதுதானே அதற்குப் பொருள்? வேலையின்மை 10 சதவீதத்தை ஒட்டியிருந்த காலம் அது. முந்தைய ஆண்டுதான் 10 நாடுகள் புதிதாக ஒன்றியத்தில் சேர்ந்திருந்தன. குறைந்த கூலிக்கு வரும் 'போலந்துக் குழாய்ப் பணியாளர்' தங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடுவார் என்ற அச்சம் ஊரெல்லாம் பேசப்பட்டது. ஏறத்தாழ 69 சதவீதத்தினர் வாக்களித்து, அவர்களில் 55 சதவீதத்தினர் மறுத்தார்கள். மூன்றே நாளில் நெதர்லாந்தும் 61 சதவீதத்துக்கு மேல் மறுத்தது.

இந்த மறுப்புகளுக்குப் பிறகு, அரசியலமைப்பு என்ற பெயரும், கொடி, கீதம் பற்றிய பிரிவுகளும் நீக்கப்பட்டு, மற்றவற்றில் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாக 2007 டிசம்பரில் கையெழுத்தானது. பழைய வரைவை உருவாக்கிய குழுவின் தலைவரான ழிஸ்கார் தெஸ்தேனே, கருவிகள் அவையேதான், பெட்டிக்குள் அடுக்கிய வரிசைதான் வேறு என்று வெளிப்படையாக எழுதினார். நாடாளுமன்றத்தின் வழியாகவே ஒப்புதல் பெறுவேன் என்று, 2007-இல் பிரெஞ்சு அதிபரான சர்க்கோசி தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும், மக்கள் நேரடியாக மறுத்த ஒன்றை 2008-இல் அவர்களிடம் திரும்பக் கேட்காமல் நிறைவேற்றியது, சட்டப்படி சரியாக இருந்தாலும், பெரிய தவறு என்றே நான் கருதுகிறேன்.

மறுபடி கேட்பதே தவறு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. டென்மார்க்கைப் பாருங்கள். 1992 ஜூன் 2 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை அந்நாட்டு மக்கள் 50 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். அங்கே ஏழு கட்சிகள், வாக்கெடுப்பில் எதிர்த்துப் பிரசாரம் செய்த ஒரு கட்சி உட்பட, கூடிப் பேசி மக்களின் மனக்குறை எதுவென்று வகுத்தன. பொது நாணயம், பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கிலும் விலக்குப் பெற்ற பிறகே 1993 மே மாதம் மக்களிடம் திரும்பச் சென்றார்கள். ஏறத்தாழ 57 சதவீத ஆதரவு கிடைத்தது. 2008-இல் லிஸ்பன் ஒப்பந்தத்தை மறுத்த அயர்லாந்திலும், நடுநிலைமை, வரி போன்றவற்றில் உறுதிமொழிகள் பெறப்பட்ட பின்பு, 2009-இல் 67 சதவீதத்தினர் சம்மதித்தார்கள்.

டென்மார்க் கதை அதோடு முடியவில்லை. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த சில மாதங்களில், 2022 ஜூன் 1 அன்று, பாதுகாப்பு விலக்கைக் கைவிடலாமா என்று மக்களிடமே அரசு கேட்டது. ஏறத்தாழ 67 சதவீதத்தினர் 'கைவிடலாம்' என்றார்கள். பிரான்சிலோ, உங்கள் பெரியப்பா வாக்களித்த அந்த நாளுக்குப் பிறகு, நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு ஒன்றுகூட நடத்தப்படவில்லை.