கண்குழி அறுவை சிகிச்சை: மூக்கு வழியா, இமை வழியா?

கேள்வி: தைராய்டு நோயால் என் அக்காவின் கண்கள் பிதுங்கியுள்ளன. கண்குழியை விரிவாக்கும் அறுவை சிகிச்சையை மூக்கு வழியாகச் செய்யலாம் என்கிறார் ஒரு மருத்துவர்; கண்ணின் வெளிப்புறமாகச் செய்யலாம் என்கிறார் மற்றொருவர். எதில் ஆபத்து குறைவு?

பதில்: இருவரும் அகற்றப்போவது வெவ்வேறு எலும்புச் சுவர்களை என்பதால், பின்விளைவுகளும் வேறுபடும். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) செலுத்தினால் முகத்தில் தழும்பு விழாது. பார்வை நரம்பு நெருக்கப்படும் ஆழம்வரை உட்சுவரை எடுக்க முடியும் என்பதால், பார்வை மங்கத் தொடங்கியவர்களுக்கு இந்த வழி பெரிதும் உதவுகிறது. ஆனால் கண் தசைகள் சைனஸ் அறைக்குள் (மூக்கை ஒட்டிய காற்றறை) சரிவதால் புதிதாக இரட்டைப் பார்வை தோன்றும் வாய்ப்பு இதில் கூடுதல். அரிதாக, மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கில் கசிவதும் உண்டு.

இமை மடிப்பு வழியாக வெளிச்சுவரைக் குடையும்போது இரட்டைப் பார்வை பொதுவாகக் குறைவு. சிலருக்கு மெல்லும்போது காட்சி அதிரும். அடிச்சுவரையும் எடுத்தால் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகலாம். இரத்தக்கசிவால் பார்வை பறிபோவது மிக அரிது என்றாலும், எந்த வழியும் அதற்கு விலக்கல்ல.

பார்வை நரம்பு பாதிக்கப்படாமல் தோற்றம் மட்டுமே கவலை என்றால், வெளிச்சுவரோடு சிறிது கொழுப்பையும் அகற்றுவதே என் பார்வையில் நிதானமான தொடக்கம். அதற்கும், நோய் அடங்கி ஏறத்தாழ 6 மாதங்கள் நிலையாக இருக்க வேண்டும். மாறுகண், இமைத் திருத்தங்கள் தேவைப்பட்டால் அவை இதற்குப் பிறகே.