கத்தோலிக்கப் பள்ளி, யுனிவர்சிட்டியோட மத அடையாளம் எங்க இருக்கு?

கேள்வி இதுதான்: ஃபாதர்ஸ், சிஸ்டர்ஸ் எண்ணிக்கை கொறஞ்சுட்டே வருது, டீச்சர்ஸ்லயும் பிள்ளைங்கள்லயும் மத்த மதத்துக்காரங்க நெறைய இருக்காங்க, இப்படி இருக்கும்போது ஒரு கத்தோலிக்க ஸ்கூலோ யுனிவர்சிட்டியோ தன்னோட மத அடையாளத்த எப்படிக் காப்பாத்தும், அப்படிக் காப்பாத்தப் போனா அது மத்தவங்க மேல திணிப்பா ஆயிடாதா?

நான் கத்தோலிக்க. படிச்சதும் கத்தோலிக்க நிறுவனத்துல, அப்புறம் பாடம் நடத்துனதும் அங்கதான். காப்பாத்த முடியும்னுதான் நெனக்கிறேன், ஆனா நாம பெரும்பாலும் சுவத்துல மாட்டுன சிலுவை, வாசல்ல இருக்குற மாதா சுருபம், காலை ஜெபம் இதுலயே தேடிட்டு நின்னுடுறோம். அதெல்லாம் வேணும், எனக்கும் புடிக்கும். ஆனா அடையாளம் உண்மையில முடிவாகுறது டீச்சர இன்டர்வியூ பண்ற ரூம்லதான்.

1990 ஆகஸ்ட் 15ல திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கத்தோலிக்க யுனிவர்சிட்டிங்களுக்குன்னே ‘எக்ஸ் கோர்தே எக்ளேசியே’ன்னு ஒரு சட்டத் தொகுப்பு குடுத்தாரு. அதுல மூணு விஷயத்த சேத்துப் படிக்கணும். வேலைக்கு எடுக்கும்போதே எல்லா டீச்சர்கிட்டயும் இது கத்தோலிக்க நிறுவனம், அதனால என்னென்ன பொறுப்புன்னு சொல்லிடணும். கத்தோலிக்கர் அல்லாத டீச்சர்ஸ் மெஜாரிட்டி ஆயிடக் கூடாது. அதே நேரம் ஒவ்வொருத்தரோட மனசாட்சி சுதந்திரத்தையும் முழுசா மதிக்கணும். இந்த மெஜாரிட்டி விஷயத்துக்குத்தான் சண்டை நடக்குது, ஆனா முதல்ல சொன்னது பைசா செலவில்லாதது, அதத்தான் யாரும் ஒழுங்கா செய்றதில்ல, சர்டிபிகேட்ட பாத்துட்டு சம்பளம் பேசிட்டு அனுப்பிடுறாங்க, அந்த டீச்சர் பத்து வருஷம் வேலை பாத்தாலும் இந்த நிறுவனம் எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

ஞானஸ்நான சர்டிபிகேட்ட மட்டும் பாத்து ஆள் எடுத்தாலும் உதவாது. ஃபெயிலான பிள்ளைய தேடிப் போய் பக்கத்துல உக்காந்து பேசுற வேற மதத்து டீச்சர், பேருக்குக் கத்தோலிக்கரா இருக்குறவர விட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்னு நான் அடிச்சு சொல்லுவேன். ஆனாலும் விசுவாசத்த உள்ளபடி வாழுற கொஞ்சப் பேராவது உள்ள இருந்தே ஆகணும், இல்லன்னா ஒரு பிள்ளை வந்து “ஏன் ஜெபம் பண்றீங்க”ன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காது.

இந்தக் குழப்பம் புதுசு இல்ல. 1967ல அமெரிக்காவுல லேண்ட் ஓ லேக்ஸ்ங்கற எடத்துல நோட்ர டேம் யுனிவர்சிட்டி தலைவர் தியடோர் ஹெஸ்பர்க் முன்னின்னு கூட்டுன கூட்டத்துல, கத்தோலிக்க யுனிவர்சிட்டிக்கு வெளிய இருந்து வர்ற எந்த அதிகாரத்துக்கும் கட்டுப்படாத உண்மையான தன்னாட்சி வேணும்னு அறிக்கை விட்டாங்க, அந்த அதிகாரம் குருக்களோடதா இருந்தாலும் சரின்னு சேத்தே சொன்னாங்க. அதே வருஷம் நோட்ர டேம் நிர்வாகம் பொதுநிலையினரும், அதாவது குருவோ துறவியோ இல்லாத சாதாரண விசுவாசிங்களும், சேந்த போர்டு கைக்கு வந்துச்சு. அவங்க விசுவாசத்த விக்கப் பாத்தாங்கன்னு சொல்றது அநியாயம், ஆராய்ச்சியில மத்த யுனிவர்சிட்டிங்களுக்கு சமமா நிக்கணும்ங்கற ஆசை அது. ஆனா தன்னாட்சி கெடச்ச பிறகு “நாம ஏன் கத்தோலிக்க”ங்கற கேள்விய யாரு கேக்கறதுன்னு பல எடத்துல முடிவாகவே இல்ல.

ரோமோட பக்கம் இருந்து பதில் சட்டமா வந்துச்சு. 1983 திருச்சபைச் சட்டத்துல 808ஆவது எண், சபை அதிகாரியோட சம்மதம் இல்லாம எந்த யுனிவர்சிட்டியும் கத்தோலிக்கங்கற பேர வச்சுக்கக் கூடாதுன்னு சொல்லுது, 812 இறையியல் நடத்துறவங்களுக்கு அனுமதி வேணும்ங்குது. 2012ல பெரு நாட்டோட லீமா நகரத்துல இருக்குற பெரு பாப்பிறைக் கத்தோலிக்க யுனிவர்சிட்டிகிட்ட இருந்து ‘பாப்பிறை’, ‘கத்தோலிக்க’ ரெண்டு பட்டத்தையும் வத்திக்கான் எடுத்துருச்சு, 2016லதான் சமரசம் ஆச்சு. சட்டம் வேணும்தான், ஆனா பேர எடுக்கவும் குடுக்கவும்தான் அதால முடியும், கிளாஸ்ரூமுக்குள்ள அது வந்து உக்காராது.

கிளாஸ்ரூம்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. மறைக்கல்வி, அதாவது கத்தோலிக்க விசுவாசத்த சொல்லித் தர்ற பாடம், அந்தப் பீரியட்னா ஃப்ரீயா இருக்குற யாரையாவது அனுப்புறது, பரீட்சை நெருங்குனா போர்ஷன் முடிக்க கணக்கு டீச்சர் அத வாங்கிக்கறது. எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் இது. நிறுவனமே மதிக்காத பாடத்த பிள்ளை எப்படி மதிக்கும்? இறையியல் படிச்ச ஆள் நடத்தணும், கடவுள் இருக்காரான்னு பிள்ளை கேட்டா அதட்டாம பேசணும், யுனிவர்சிட்டியில அறிவியல், சட்டம், மருத்துவம் நடத்துறவங்களும் அந்தக் கேள்விங்களோட உக்காந்து பேசணும்.

திணிப்பு பத்தி: யாரையும் மனசாட்சிக்கு விரோதமா விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அதே திருச்சபைச் சட்டத்தோட 748ஆவது எண்ணே சொல்லுது. அதனால வேற மதத்துப் பிள்ளைய திருப்பலிக்கு (கோயில் பூசைக்கு) போகச் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுக்குறது தப்பு, கத்தோலிக்கப் பிள்ளைக்கும் அது நல்லதில்ல, மார்க்குக்காகப் போன கோயிலுக்கு ஸ்கூல் முடிஞ்ச பிறகு எத்தன பேர் போறாங்க? இன்னொண்ணு, உலகம் முழுக்க இருந்து ஆயர்கள் கூடுன இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல கல்வி பத்தி குடுத்த அறிக்கையில, ஏழைங்க, குடும்ப ஆதரவு இல்லாதவங்க, விசுவாசம் இல்லாதவங்க இவங்க தேவைய சிறப்பா கவனிக்கணும்னு இருக்கு. அப்போ வேற மதத்துப் பிள்ளைங்களும் அந்த நிறுவனத்தோட நோக்கத்துக்குள்ளயே இருக்காங்க, அவங்களால அடையாளம் கொறையுதுன்னு பேசறதே சரியில்ல. ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைய வாசல்லயே திருப்பி அனுப்புனா கொறையும். முழுக் கத்தோலிக்கருக்கு மட்டும்தான் எடம்னு ஸ்கூல குறுக்குறதும் தப்புன்னு 2022ல வத்திக்கான் குடுத்த வழிகாட்டியும் சொல்லுது.

நீங்க டீச்சரா சேரப் போறீங்கன்னா இன்டர்வியூலயே நேரா கேளுங்க: மத விஷயத்துல என்கிட்ட என்ன எதிர்பாக்குறீங்க, எது என் விருப்பம், எது கட்டாயம், அத எழுத்துல தருவீங்களான்னு. பெத்தவங்களா இருந்தா மறைக்கல்வி யாரு எடுக்குறாங்க, அந்த நேரத்துல மத்த பிள்ளைங்க என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க. அடையாளத்துல தெளிவா இருக்குற நிறுவனம் இதுக்கெல்லாம் முகம் சுளிக்காம பதில் சொல்லும்.