பெரிய அலகெல்லாம் கிளி அலகாகுமா?

கேள்வி: ஒரு காணொளியில் ஆரஞ்சு நிற அலகுடைய டூக்கான் பறவையைப் பார்த்தோம். என் மகன் அதைக் கிளி என்கிறான். என் கணவர் இருவாச்சி என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை, ஆனால் மகனிடம் ஓரளவு நியாயம் இருக்கிறது. கிளிக்கும் டூக்கானுக்கும் காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு விரல்கள் பின்னோக்கியும் அமைந்திருக்கும். பெரும்பாலான கிளிகளைப் போலவே டூக்கானும் மரப்பொந்தில் வெள்ளை முட்டை இடும். இருவாச்சிக்கோ மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னும் இருக்கும். மேலும் அது ஆப்பிரிக்க, ஆசியக் காடுகளுக்கு உரியது. தென் மெக்சிகோ முதல் வட அர்ஜென்டினா வரை வாழும் டூக்கானோடு அதற்கு நெருங்கிய உறவில்லை. பழம் தின்னும் வாழ்க்கை இரண்டுக்கும் நீண்ட அலகைத் தந்திருக்கிறது, அவ்வளவுதான். டூக்கானின் உண்மையான சொந்தக்காரர்கள் மரங்கொத்தியும், நம் ஊர் ஆலமரத்தில் 'டொக், டொக்' என்று ஓயாமல் குரல் கொடுக்கும் குக்குறுவானும்தான். கிளியின் நெருங்கிய உறவினரோ, மரபணு ஆய்வுகளின்படி, வல்லூறுகளும் சிட்டுக்குருவி போன்ற பறவைகளும் ஆகும்.

கிளிக்கும் டூக்கானுக்கும் முக்கிய வேறுபாடு அலகில்தான் இருக்கிறது. கிளியின் அலகு பாக்குவெட்டியைப் போன்றது. அதன் மேல் அலகு மண்டையோட்டோடு கீல் வைத்தாற்போல் இணைந்து தனியாக அசையக்கூடியது. பச்சைக்கிளி சூரியகாந்தி விதையைத் தின்பதைக் கூர்ந்து பாருங்கள்: தடித்த, சதைப்பற்றான நாக்கால் விதையை உருட்டி, வாகான பக்கம் திரும்பியதும் கீழ் அலகின் விளிம்பால் அழுத்தி உடைத்து, தோலை உதறிவிட்டுப் பருப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். கிளை ஏறும்போது அந்த அலகையே மூன்றாவது கால் போல ஊன்றிக்கொள்ளும்.

டூக்கானின் அலகை இடுக்கி என்றுதான் சொல்ல வேண்டும். உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும் டோக்கோ டூக்கான் என்ற இனத்தின் அலகு, எடையில் இருபதில் ஒரு பங்குதான். வெளியே நம் நகத்தில் உள்ள கெரட்டின் ஓடும், உள்ளே கடற்பஞ்சு போன்ற எலும்பு வலையும் இருப்பதே காரணம். அதைக் கொண்டு கொட்டையை உடைக்க இயலாது. உடல் பாரத்தைத் தாங்காத மெல்லிய கிளையின் நுனியில் தொங்கும் பழத்தை எட்டிக் கவ்வி, தலையை வெடுக்கென்று பின்னுக்குச் சாய்த்து, பழத்தைத் தொண்டைக்குள் வீசிக்கொள்ளும். நாக்கும் நீண்டு, ஓரம் இறகுபோல் பிசிறடித்து இருக்கும். இந்த அலகு வெப்பத்தை வெளியேற்றவும் உதவுகிறது. தேவைக்கேற்ப அதற்குள் பாயும் இரத்தத்தை டோக்கோ டூக்கான் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்று 2009இல் கனடா, பிரேசில் ஆய்வாளர்கள் வெப்பப் படக்கருவியால் கண்டறிந்தனர்.

கேள்வி: டூக்கானைப் பழக்கினால் கிளிபோலப் பேசுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பேசாது. கேட்ட ஒலியைக் கற்றுத் திருப்பிச் சொல்லும் திறன் பறவைகளில் கிளி, பாடும் பறவைகள், ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) ஆகிய கூட்டங்களுக்கே உண்டு. டூக்கானின் குரல் பெரும்பாலும் தவளைக் கத்தலை நினைவூட்டும். கூண்டில் வளர்ப்போருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அதன் உடலில் இரும்புச்சத்து எளிதில் ஈரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், இரும்பு குறைந்த உணவையே பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஒரே காட்டில் வாழும் டூக்கானும் கிளியும் ஒத்துப்போகுமா?
– மாணவி, கோவை

பதில்: பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பறக்கும் கிளிகளில் மிக நீளமானதாகிய ஊதாநீலப் பஞ்சவர்ணக்கிளி அங்கே பெரும்பாலும் மண்டுவி என்ற மரத்தின் பொந்துகளிலேயே கூடு வைக்கிறது. அந்த மரத்தில் போதுமான பொந்து விழ ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆகும். கிளிகள் பொதுவாக விதையை உடைத்துத் தின்றுவிடுவதால் மரம் பெருக அவற்றால் பெரிய உதவி இல்லை. டூக்கானோ பலவற்றை முழுதாக விழுங்கி, விதையைச் சிதைக்காமல் வேறிடத்தில் வெளியேற்றுகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மண்டுவி விதைகளில் சுமார் 83 விழுக்காட்டைப் பரப்புவது டோக்கோ டூக்கான்தான். ஆனால் டூக்கான் பழத்தோடு நிற்பதில்லை. பல்லி, பூச்சி, பிற பறவைகளின் முட்டை, குஞ்சு எல்லாம் அதற்கு உணவே. பிற உயிர்களுக்கு இரையாகும் பஞ்சவர்ணக்கிளி முட்டைகளில் பாதிக்கு மேல் டூக்கானின் வயிற்றுக்குத்தான் போகின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. கிளியின் வீட்டுக்கு விதை போடுவதும், அந்த வீட்டுக்குள் புகுந்து முட்டையைத் திருடுவதும் ஒரே பறவைதான்.