கார் சென்சார் உரிமம் விற்கும் சிறு கம்பெனிகள்: வாசகர் கேள்வி பதில்

கார்களுக்கான சென்சார் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்து, உற்பத்தியைப் பிறரிடம் விட்டுவிட்டு, உரிமத்தொகை மட்டும் வாங்கும் சிறு கம்பெனிகளின் பங்குகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கம்பெனிப் பெயர் சொல்லாத உதாரணங்களில் வரும் தொகைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

கேள்வி: சென்சார் தயாரிக்கும் கம்பெனியும் அதன் தொழில்நுட்பத்துக்கு உரிமம் கொடுக்கும் கம்பெனியும் முதலீட்டாளருக்கு ஒன்றுதானே?

பதில்: இல்லை. தயாரிப்பவருக்கு ஆலை வேண்டும், சரக்கு இருப்பு வேண்டும், பழுதானால் மாற்றித்தரும் செலவும் உண்டு. உரிமம் கொடுப்பவர் விற்பது மென்பொருளும் வடிவமைப்பும் காப்புரிமையும்தான். டிரைவரின் கண்ணைப் படித்து அவர் தூங்கி விழுகிறாரா என்று சொல்லும் மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். லண்டனில் சிறு கம்பெனிகளுக்கான ஏய்ம் பங்குச்சந்தையில் இருக்கும் சீயிங் மெஷின்ஸ், ஸ்வீடனின் ஸ்மார்ட் ஐ ஆகியவை இந்தத் துறையில் இருப்பவை. ஒளிக்கற்றை கொண்டு தொடுதலை உணரும் முறைக்கு உரிமம் கொடுப்பது நியோநோட்.

இவர்களுக்குப் பணம் மூன்று வழியில் வரும். ஒரு கார் மாடலுக்கு ஏற்றபடி தொழில்நுட்பத்தைப் பொருத்திக் கொடுப்பதற்கான பொறியியல் கட்டணம், ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் வாங்கும் உரிமக் கட்டணம், பிறகு விற்கும் ஒவ்வொரு காருக்கும் ராயல்டி. முதலாவது செய்த வேலைக்குக் கூலி. வேலை முடிந்தால் நின்றுவிடும். நீங்கள் பங்கு வாங்குவது மூன்றாவதற்காக. எனவே ஆண்டறிக்கையில் வருவாயை வகை பிரித்துக் காட்டும் குறிப்பை முதலில் தேடுங்கள். மொத்த வருவாய் ஏறிக்கொண்டே போய், அதில் ராயல்டி மட்டும் நகராமல் நின்றால், அது உரிமக் கம்பெனி என்ற பெயரில் நடக்கும் பொறியியல் சேவைக் கம்பெனி. அதற்குத் தர வேண்டிய விலை வேறு, மிகக் குறைவு.

கேள்வி: நான் கவனித்துவரும் கம்பெனி, பெரிய கார் கம்பெனி ஒன்றிடமிருந்து 1.4 கோடி டாலர் மதிப்புள்ள டிசைன் வின் கிடைத்ததாக அறிவித்தது. அன்றே பங்கு 40 சதவீதம் ஏறியது. இப்போது வாங்கலாமா?

பதில்: அந்த 1.4 கோடியைப் பிரித்துப் பார்த்தபிறகு முடிவெடுங்கள்.

டிசைன் வின் என்பது பெரும்பாலும் "இந்த மாடலுக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்ற கடிதம். இத்தனை கார் கட்டாயம் வாங்குவோம் என்ற உறுதி அதில் அநேகமாக இருக்காது. அறிவிக்கும் தொகை, கார் கம்பெனி கொடுத்த உற்பத்தி மதிப்பீட்டை ராயல்டியால் பெருக்கி வருவது. ஒரு காருக்கு 4 டாலர் என்றால் 1.4 கோடிக்கு 35 லட்சம் கார் விற்க வேண்டும். 7 ஆண்டுகளில் விற்றால், ஆண்டுக்கு 5 லட்சம் கார், 20 லட்சம் டாலர்.

அடுத்தது, எப்போது? தேர்வான நாளிலிருந்து மாதிரிகள், சோதனைகள், கார் மின்னணுப் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 26262-க்கான ஆவணங்கள் எல்லாம் கடந்து தொடர் உற்பத்தி தொடங்க 2 முதல் 4 ஆண்டு பிடிக்கும். 3 ஆண்டு என்று வைப்போம். கார் விற்பனை மதிப்பீட்டில் 60 சதவீதம்தான் நடக்கிறது என்றும் வைப்போம்; புது மாடலுக்கு இது ஒன்றும் இருண்ட கணிப்பு அல்ல. அப்படியானால் 4-ஆம் ஆண்டு முதல் 10-ஆம் ஆண்டு வரை, ஆண்டுக்கு 12 லட்சம் டாலர். இவ்வளவு ஆபத்துள்ள வருமானத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தள்ளுபடி போட்டு, பிற்காலத்தில் வரும் பணத்தை இன்றைய பணமாக மாற்றினால் அதன் மதிப்பு சுமார் 33 லட்சம் டாலர். அறிவித்த தொகையில் கால் பங்குகூட இல்லை. உற்பத்தி இன்னும் ஓராண்டு தள்ளிப்போனால் சுமார் 28.5 லட்சம். வரியும் செலவும் இன்னும் கழிக்கவில்லை.

இப்போது பங்கு 40 சதவீதம் ஏறியதால் கம்பெனியின் சந்தை மதிப்பு எவ்வளவு கூடியது என்று பாருங்கள். 33 லட்சத்தைவிடப் பல மடங்கு கூடியிருந்தால், அந்த விலையில் வாங்குபவர் இன்னும் கிடைக்காத ஒப்பந்தங்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

கடிதம் கையில் இருந்தும் கார் வராமல் போனதற்கு செப்டான் கண்முன்னே நிற்கும் உதாரணம். அதன் லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் சென்சார்) தொழில்நுட்பத்தை ஜப்பானின் கொய்டோ உற்பத்தி செய்து ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. 2023 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் திட்டத்தையே மாற்றியது. கொய்டோவுக்குக் கொடுத்திருந்த தொடர் உற்பத்தி ஆர்டர்கள் ரத்தாயின. 2022-இல் பங்குச்சந்தைக்கு வந்த செப்டானை 2025 ஜனவரியில் கொய்டோவே வாங்கிக்கொண்டது. பங்குக்குக் கொடுத்தது 3.17 டாலர். இடையில் 10 பங்கை 1 ஆகச் சேர்த்திருந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தொழில்நுட்பத்தில் குறை இருந்ததால் நடந்ததல்ல இது. ஒரே வாடிக்கையாளர், அவருக்கு முன்னால் ஒரே சப்ளையர் என்று இரண்டு கதவுகளுக்குப் பின்னால் நின்ற கம்பெனி அது.

கேள்வி: ஒரு காலாண்டில் வருவாய் இரட்டிப்பானது, அடுத்த காலாண்டில் பாதியாக விழுந்தது. கணக்கில் ஏதாவது தில்லுமுல்லா?

பதில்: இருக்க வேண்டியதில்லை. கணக்கு விதியே இப்படி ஏற்ற இறக்கத்தைக் காட்டும். அமெரிக்காவின் ஏஎஸ்சி 606, பிற நாடுகளின் ஐஎஃப்ஆர்எஸ் 15 இரண்டிலும் ராயல்டியை, கார் அல்லது பாகம் விற்ற பிறகே வருவாயாக எழுதலாம். ஆனால் "கார் விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தது இவ்வளவு தருவோம்" என்று வாடிக்கையாளர் உறுதி கொடுத்திருந்தால், முடிந்த நிலையில் ஒப்படைத்த மென்பொருளுக்கு அந்தக் குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வருவாயாகிவிடும். பணமோ நான்கைந்து ஆண்டுகளில் தவணையாக வரும். இரட்டிப்பான காலாண்டுக்கு இது காரணமா என்று அறிய, இருப்புநிலைக் குறிப்பில் "ஒப்பந்தச் சொத்து" அல்லது "பில் போடாத வரவு" என்ற வரியைப் பாருங்கள். வருவாயோடு அதுவும் துள்ளியிருந்தால் காசு இன்னும் வரவில்லை என்று பொருள்.

இன்னொரு காரணம், ராயல்டி அறிக்கை தாமதமாக வருவது. பாகம் செய்யும் சப்ளையர், காலாண்டு முடிந்து சில வாரம் கழித்துத்தான் எண்ணிக்கையை அனுப்புவார். அதுவரை கம்பெனி ஒரு மதிப்பீட்டை எழுதி வைக்கும், பிறகு சரிசெய்யும். ராயல்டி எந்த இடத்தில் எண்ணப்படுகிறது என்பதும் முக்கியம். சப்ளையர் பாகத்தை அனுப்பும்போது எண்ணினால், கிடங்கில் சரக்கு குவிந்த காலாண்டில் ராயல்டி உயரும். கார் விற்பனை ஏறவே இல்லாமலும் உயரும். அடுத்த இரண்டு காலாண்டு காய்ந்துபோகும். நான்கு காலாண்டுகளின் கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிட்டால் இந்தச் சலசலப்பில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

கேள்வி: நஷ்டத்தில் ஓடும் கம்பெனி உற்பத்தி தொடங்கும் வரை தாக்குப்பிடிக்குமா என்று எப்படிக் கணிப்பது?

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். நல்ல தொழில்நுட்பத்தில் முதலீடு செய்தவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

லாப நஷ்டக் கணக்கை விட்டுவிட்டு ரொக்க ஓட்ட அறிக்கையை எடுங்கள். செயல்பாட்டில் செலவான ரொக்கத்தோடு, "மூலதனமாக்கிய மேம்பாட்டுச் செலவு" என்ற வரி இருந்தால் அதையும் கூட்டுங்கள். ஐஎஃப்ஆர்எஸ் முறையில் கணக்கெழுதும் கம்பெனிகளில் பொறியாளர் சம்பளத்தின் ஒரு பகுதி இந்த வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். செயல்பாட்டில் காலாண்டுக்கு 16 லட்சம், இதில் 4 லட்சம், ஆக 20 லட்சம் டாலர் கரைகிறது. கையில் இருப்பது 80 லட்சம் என்றால் 4 காலாண்டு வண்டி ஓடும். உற்பத்தி தொடங்க 10 காலாண்டு என்றால், இடையில் உள்ள 6 காலாண்டுக்கு 1.2 கோடி டாலர் வெளியிலிருந்து வர வேண்டும்.

இது எப்படி வரும்? புதுப் பங்கு விற்றுத்தான். இப்போது 1 கோடி பங்கு, விலை 3 டாலர் என்போம். அவசரத்தில் விற்பவருக்கு 15 சதவீதம் குறைத்து 2.55 டாலர்தான் கிடைக்கும். 1.2 கோடி திரட்ட 47 லட்சம் புதுப் பங்கு வேண்டும். கம்பெனியில் உங்கள் உரிமை 100 என்று இருந்தது 68 ஆகச் சுருங்கும். வாரண்ட், அதாவது பின்னாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை, சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சுருங்கும்.

அமெரிக்கச் சந்தையில் இன்னொரு தடையும் உண்டு. பொதுமக்கள் கையில் உள்ள பங்கின் மதிப்பு 7.5 கோடி டாலருக்குக் கீழே இருந்தால், புதுப் பங்கை விரைவாக விற்க உதவும் எஸ்-3 பதிவுப் படிவத்தின் கீழ் 12 மாதத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விற்க முடியாது. நமது உதாரணத்தில் 3 கோடி மதிப்பு முழுவதும் பொதுமக்கள் கையில் இருந்தால்கூட ஆண்டுக்கு 1 கோடிதான். அதற்கு மேல் தேவைப்படும் கம்பெனி, பங்காக மாறும் கடன் பத்திரம் போன்ற கசப்பான வழிகளுக்குப் போகும். அந்தப் பத்திரத்தைப் பங்காக மாற்றும் விலை நிலையானதா, சந்தை விலையோடு இறங்கக்கூடியதா என்று பாருங்கள். இறங்கக்கூடியது என்றால் அந்தப் பங்கை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தணிக்கையாளர் அறிக்கையில் "தொடர்ந்து இயங்கும் திறன் குறித்துக் கணிசமான ஐயம்" என்ற வாசகம் வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். அமெரிக்கக் கணக்கு விதிப்படி, நிதிநிலை அறிக்கை வெளியான நாளிலிருந்து ஓராண்டைத் தாண்ட முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி.

கேள்வி: ரிவர்ஸ் ஸ்பிளிட் அறிவித்தால் உடனே விற்றுவிட வேண்டுமா?

பதில்: ரிவர்ஸ் ஸ்பிளிட் என்பது பல பங்குகளை ஒன்றாகச் சேர்ப்பது; அது மதிப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. நாஸ்டாக்கில் விலை தொடர்ந்து 30 வணிக நாள் 1 டாலருக்குக் கீழே இருந்தால், பட்டியலிலிருந்து நீக்க நேரிடும் என்று நோட்டீஸ் வரும், சரிசெய்ய 180 நாள் அவகாசம். அதற்காகச் செய்வது இது. கவனிக்க வேண்டியது அதன் பிறகு வரும் பங்கு வெளியீட்டை. லைடார் தயாரித்த லூமினார் 2024 நவம்பரில் 15-க்கு 1 என்று சேர்த்தது. 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. ரொக்கக் கணக்கு சரியாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஸ்பிளிட் வரும்வரை காத்திருக்கவே தேவையில்லை.

கேள்வி: 40 காப்புரிமை இருப்பதாகச் சொல்கிறார்கள். இது போதுமான பாதுகாப்பா?

பதில்: எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஒரே கண்டுபிடிப்பை எட்டு நாட்டில் பதிந்தாலும் எட்டு என்றே எண்ணுவார்கள். ராயல்டி தரும் காப்புரிமை எது, எந்த ஆண்டு விண்ணப்பித்தது என்று கேளுங்கள். விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு ஆயுள். 2010-இல் விண்ணப்பித்தது 2030-இல் முடியும். 2028-இல் உற்பத்திக்கு வரும் காருக்கு அதனால் 2 ஆண்டு பயன்தான். காலாவதியான காப்புரிமைக்கு ராயல்டி கேட்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-இல் சொன்னதை 2015-இலும் உறுதி செய்தது. மென்பொருளுக்கும் தொழில் ரகசியத்துக்கும் தனியாக விலை போட்டிருக்கும் ஒப்பந்தம் இந்த இடத்தில் தப்பிக்கும்.

காப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் உரிமை மாற்றப் பதிவேட்டில் இலவசமாகவே பார்க்கலாம். கடன் கொடுத்தவரிடம் அடகு வைத்திருந்தால், பதிவு செய்த அடகு அங்கேயே தெரியும். பத்து நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள்.

கார் கம்பெனி காப்புரிமையை மீறாமலேயே உங்கள் கம்பெனியை வீழ்த்தவும் முடியும்: அந்த சென்சாரே வேண்டாம் என்று முடிவெடுத்தால் போதும். டெஸ்லா 2021-இல் வட அமெரிக்காவில் விற்ற மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரை நீக்கியது. 2022-இல் அல்ட்ராசோனிக் சென்சார்களையும் நீக்கத் தொடங்கியது.

கேள்வி: ஐரோப்பாவில் சட்டமே சென்சாரைக் கட்டாயமாக்கிவிட்டது. இனி டிரைவர் கண்காணிப்புக் கம்பெனிகளுக்கு லாபம் நிச்சயம்தானே?

பதில்: சட்டம் உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 விதிப்படி, டிரைவரின் கவனம் சிதறினால் எச்சரிக்கும் வசதி புதிய மாடல்களுக்கு 2024 ஜூலை முதலும், பதிவாகும் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2026 ஜூலை முதலும் கட்டாயம். இதனால் எண்ணிக்கை கூடும். விலை கூடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கட்டாயமான பொருளைக் கார் கம்பெனி மிக மலிவாக வாங்கப் பார்க்கும். சிப் கம்பெனிகளும் பெரிய சப்ளையர்களும் சொந்த மென்பொருளை இலவசம் போலச் சேர்த்துக் கொடுக்க முடியும். எனவே ராயல்டி வருவாயைக் கார் எண்ணிக்கையால் வகுத்து, ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். கார் 30 சதவீதம் கூடி, காருக்கான தொகை 25 சதவீதம் குறைந்தால் வருவாய் 2.5 சதவீதம் குறையத்தான் செய்யும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாகிவிட்டது. எப்படி வாங்குவது?

பதில்: தினமும் கைமாறும் பங்குகளின் மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள். நீங்கள் வாங்குவது அதில் 5 சதவீதத்தைத் தாண்டினால் விற்கும்போது வாங்க ஆள் இருக்க மாட்டார்கள். எப்போதும் லிமிட் ஆர்டர், அதாவது இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று குறித்த ஆர்டர். விற்பவர் கேட்கும் விலைக்கும் வாங்குபவர் தரும் விலைக்கும் 3, 4 சதவீத இடைவெளி இந்தப் பங்குகளில் வரக்கூடியது. முழுத் தொகையையும் ஒரேயடியாகப் போடாமல், பாதியை இப்போதும், மீதியைத் தொடர் உற்பத்தி தொடங்கி முதல் ராயல்டி கணக்கில் தெரிந்தபிறகும் போடுங்கள். அப்போது விலை கொஞ்சம் ஏறியிருக்கலாம். அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்தே வாங்கலாம். கார் உண்மையில் ஓடத் தொடங்கிவிட்டது.