தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு டிஸ்க் பிரேக் போட்டு சஸ்பென்ஷனையும் மாற்றலாமா?

உங்கள் தாத்தா ஓட்டிய 1960களின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை மீண்டும் சாலையில் ஓட்ட விரும்புவதாகவும், அதன் பிரேக்கும் சஸ்பென்ஷனும் இக்காலப் போக்குவரத்துக்குப் போதாது என்று மெக்கானிக் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டதை நான் ஊகித்துக்கொள்கிறேன். உடைத்த வண்டிகள் விற்கும் கடையில் கிடைத்த வேறொரு காரின் டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் தட்டு; அதை இருபுறமும் இறுக்கிப் பிடிப்பதுதான் டிஸ்க் பிரேக்) லேத்தில் கடைந்தும் வெல்டிங் வைத்தும் பொருத்தித் தருவதாக அவர் ஒரு தொகையும் சொல்லியிருப்பார். அதற்கு மட்டும் உடன்படாதீர்கள். டிஸ்க் பிரேக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஹெரால்டின் முன்சக்கரங்களில் இன்று டிஸ்க்தான் இருக்கிறது. அதை எந்த வரிசையில் செய்தோம் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நான் மெக்கானிக் அல்லன், பொறியியல் படித்தவனும் அல்லன். அப்பா வாங்கிய இரண்டு கதவு ஹெரால்டைப் பல ஆண்டுகளாக வைத்துப் பராமரித்து வருபவன். பொறியாளர்கள் யாரேனும் கணக்கில் பிழை கண்டால் திருத்தலாம். ஆனால் இந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அங்கிருந்து இரண்டாம் கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தபோது, பாதி மலைக்குப் பிறகு பிரேக் பெடல் ஒவ்வொரு வளைவிலும் சற்றுக் கூடுதலாக இறங்கத் தொடங்கியது. பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங் கருகும் வாடை வந்தது. கைபிரேக்கை இழுத்து, முதல் கியருக்கு மாற்றி, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்ததில், வலது முன்சக்கரம் நெருங்க முடியாத சூட்டில் இருந்தது. இடது முன்சக்கரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பின்சக்கரம் ஒன்றில் சூடே இல்லை. அந்த வேறுபாடுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் லைனிங் ஒட்டிய ஷூக்கள் அழுந்தி நிறுத்தும் டிரம் பிரேக் என்பதாலேயே பிடிப்புக் குறைந்திருந்தால் இரு முன்சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு சூடாகியிருக்க வேண்டும்.

ஊருக்கு வந்து கழற்றியபோது காரணம் தெரிந்தது. வலது முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருந்தது. பெடலை மிதிக்கும் அழுத்தத்தில் பிரேக் ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. ஆகவே ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருந்தது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும், பெடல் இறங்கும். பின்னால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்து லைனிங் ஆயிலில் ஊறிப்போயிருந்தது. இந்த நிலையில் ஒரு வண்டிக்கு டிஸ்க்கை மாட்டினாலும் அதே பழைய குழாய்கள் வழியாகத்தான் அது வேலை செய்ய வேண்டியிருக்கும். ஹோஸ்கள், குழாய்கள், வீல் சிலிண்டர்கள், பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள், லைனிங்குகள் அனைத்தையும் மாற்றி, டாட் 4 தரப் பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் தங்கிய காற்றை எடுத்து, டிரம்களை வட்டம் பார்த்துக் கடைந்த பிறகு, அதே மலையில் அதே டிரம்களோடு இறங்கினோம். அடிவாரம் வரை பெடல் உயரத்திலேயே நின்றது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரநிலை; ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். மலை இறக்கத்துச் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடல் இறங்கிவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைகூட இல்லை.

பிறகு ஏன் டிஸ்க் போட்டீர்கள் என்று கேட்பீர்கள். எனக்கு முன்னால் போகும் கார், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள புதிய காராக இருக்கிறது. அது நிற்கும் தூரத்தில் நானும் நிற்க வேண்டும். மழையில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் முதல் மிதியில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் ஊரில் அந்த முதல் மிதியை நம்பாமல் வண்டி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஹெரால்டு வைத்திருப்பவருக்கு வாய்த்த நல்வாய்ப்பு என்னவென்றால், இந்த மாற்றத்தைத் தயாரித்த நிறுவனமே செய்து காட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரயம்ஃப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக உருவானது. அதே அடித்தளத்தில் 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் காருக்கும், 1963இல் வந்த ஹெரால்டு 12/50க்கும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். ஆகவே சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த துண்டான வெர்டிகல் லிங்க், சக்கரம் சுழலும் குட்டைத் தண்டான ஸ்டப் ஆக்ஸில், ஹப், டிஸ்க்கை இறுக்கும் காலிப்பர், டிஸ்க் என்று ஒரே குடும்பத்துப் பாகங்களை முழு செட்டாக வரவழைத்துப் போல்ட்டு போட்டே பொருத்த முடியும். இங்கிலாந்தில் இவற்றை இன்றும் விற்கிறார்கள். வெல்டிங் எதற்கும் தேவையில்லை. வேண்டுமென்றால் ஒரு நாள் பழைய டிரம்முக்கே திரும்பவும் முடியும். கழற்றியவற்றை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டு மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விடுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடப்பது. காலிப்பரின் பிஸ்டன் பெரியது, அதற்குக் கூடுதல் ஆயில் வேண்டும். சிறிய விட்டமுள்ள சிலிண்டரால் அதைக் கொடுக்கப் பெடல் தரை வரை போகும். பெரிய விட்டம் போட்டால் பெடல் கெட்டிப்படும். டிரம்மில் முன்னோக்கிய ஷூ சக்கரத்தின் சுழற்சியாலேயே தானாக இறுகும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால் கால் பலம் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஹெரால்டு ஏறத்தாழ 800 கிலோ எடைதான் என்பதால் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் எதையும் நான் வைக்கவில்லை. சில டிரம் மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில் சிறு அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிஸ்க்குக்கு அது இருந்தால் காலிப்பரிலுள்ள உராய்வுக் கட்டையான பேட் உரசிக்கொண்டே இருக்கும். ஒரே சுற்றாக இருந்த குழாய் அமைப்பையும் முன், பின் என இரண்டாகப் பிரித்தேன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் பிரேக் இழக்கும் அமைப்பை, 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு அனுமதிக்கவில்லை. ஒரிஜினல் தன்மை போய்விட்டது என்று வருந்துவோர் இந்த ஒன்றையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

சஸ்பென்ஷனில் எனக்கு முதலில் தோன்றுவது முன்பக்கச் சக்கரம் திரும்பும் மூட்டான டிரன்னியன்தான். வெர்டிகல் லிங்க்கின் அடிமுனை ஒரு வெண்கலக் கட்டைக்குள் மரையில் சுழல்கிறது. அதற்கு இட வேண்டியது கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் உள்ளே எட்டாமல் மரை காய்ந்து துருப்பிடித்து, ஒரு நாள் லிங்க் முறிந்து சக்கரம் மடியும். உங்கள் வண்டி நெடுநாள் நின்றிருந்தால் இதைக் கழற்றிப் பார்க்காமல் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். இடது, வலது மரைகள் எதிரெதிரானவை என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். பானெட் முழுவதும் முன்னோக்கித் திறப்பதால் இந்த வேலையை நின்றபடியே செய்யலாம்.

பின்பக்கம் வேறு கதை. குறுக்கே பட்டைகளை அடுக்கிய ஒரே லீஃப் ஸ்பிரிங், இரு பக்கமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியின் பின்பகுதி எழும்பி வெளியே வீசும். நம்மூர் உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்புப் பிடிக்காததால்தான் 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் காஸல் காரில், இரு பின்சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்ஸில் போட்டார்கள். ஸ்பிட்ஃபயரில் 1970இல் வேறு தீர்வு கண்டார்கள்: ஒரு லீஃபைத் தவிர மற்றவை பெட்டிக்குள் தராசுத் தண்டு போல அசையும், அதற்கு ஈடாக வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்டி ரோல் பார் தடிப்பாக்கப்பட்டது. நான் அந்தச் செலவுக்குப் போகவில்லை. தளர்ந்த ஸ்பிரிங்கைப் புதுப்பித்து, புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி, 13 அங்குல ரேடியல் டயர் போட்டதே என் ஓட்டத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை செருகிப் பின்பக்கத்தை உயர்த்தித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயர்த்த உயர்த்தச் சக்கரம் மடங்கும் ஆபத்து கூடும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பழைய கார்க் கண்காட்சி ஒன்றில், முன்சக்கரத்தில் டிஸ்க் இருப்பதற்காக எங்கள் வண்டிக்கு மதிப்பெண் குறைத்தார்கள். லாரியில் ஏற்றி வந்து இறக்கப்பட்ட, பெடலை மிதித்தால் நிற்குமா என்று யாரும் சோதிக்காத வண்டிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. எண்பது வயது அப்பா முன்னிருக்கையில் அமர்ந்து நெடுஞ்சாலையில் வந்த வண்டி எங்களுடையது. பாதுகாப்புக்காகச் செய்ததை வண்டிக்குச் செய்த துரோகம் போல நடுவர் பேசியதை அப்பா கேட்டுக்கொண்டு நின்றதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். நான் வழக்கறிஞர் அல்லன் என்பதால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2021இல் வந்த விண்டேஜ் விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை அந்த வகையில் பதிவு செய்யலாம். சேசிஸ் எனும் அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, அன்றாடப் பயன்பாட்டுக்கும் ஓட்டக் கூடாது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். சேசிஸில் துளை போடாமல், போல்ட்டு போட்டே செய்யும் வழியை நான் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத நேரான சாலையில், குறைந்த வேகத்தில் தொடங்கி, பிரேக்கை அழுத்திப் பாருங்கள். முன்சக்கரங்கள்தான் முதலில் சுழல்வதை நிறுத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் பின்பக்க வீல் சிலிண்டரின் விட்டம் பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யும் வரை மழையிலோ மலையிலோ வண்டியை எடுக்காதீர்கள்.