எந்த முகத்தோடு போவது என்று கேட்டவருக்கு

9 வருடமாகப் பூசைக்குப் போகவில்லை, பாசையூர்ப் பங்குச் சுவாமிக்கு வீட்டில் எல்லோரையும் தெரியும், எப்படிப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சொந்தப் பங்கில்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் மரியன்னை பேராலயத்துக்குப் போங்கள். கேட்டதை வெளியே சொல்லத் திருச்சபைச் சட்டம் 983 எந்தக் குருவையும் விடாது. மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்காக வருந்திச் சொல்லும் செபம்) மறந்துவிட்டதா? அதையும் சொல்லுங்கள், அவர் எடுத்துக் கொடுப்பார். (நானும் பாதியில் நின்று விழித்தவன்தான்.)

லூக்கா நற்செய்தி 15இல், சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன், தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்க வழியெல்லாம் பேச்சைத் தயாரித்து வருகிறான். 21, 22ஆம் வசனங்களைப் பாருங்கள்: அந்த வரிக்கு அவன் வரும் முன்னரே தகப்பன் உடுப்பும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். நீங்களும் நீண்ட பேச்சுத் தயாரிக்க வேண்டாம். பூசைக்குச் சற்று முன்னதாகப் போய்ச் சுவாமியிடம் கேளுங்கள்.