மாலை கழற்றும் நாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 49 வயது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கிராமம். மூன்றரை ஏக்கர் நிலம், சின்னதாக ஒரு உரக்கடை. 19 வயதில் தொடங்கிய சிகரெட். இப்போது ஒரு நாளைக்கு 15, அறுவடைக் காலத்தில் இன்னும் கூடும். ஒன்பது தடவை விட்டுப் பார்த்துவிட்டேன். அதில் நான்கு தடவை சபரிமலைக்கு மாலை போட்டபோது விட்டது. மாலை கழுத்தில் இருக்கிற 48 நாளும் ஒரு தம் கிடையாது, பெரிதாக ஏக்கமும் இல்லை. கழற்றின அன்று சாயங்காலமே கடைத்தெருவில் நிற்கிறேன். கடைசியாக விட்டது போன தை மாதம். இரண்டு மாதம் ஓடியது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நான்காவது ராத்திரி காவல் படுத்திருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் குவியல்காரர் பீடியை நீட்டினார். வாங்கிவிட்டேன். "சாமிக்குப் பயந்து விடுறீங்க, எங்களுக்காக விட முடியலையாப்பா?" என்று என் பெண் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு மன உறுதி என்பதே கிடையாது போலிருக்கிறது. வருகிற கார்த்திகையில் மறுபடி மாலை போடுவதாக இருக்கிறேன். சிகரெட்டைப் பொறுத்தவரை அதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை சாமியையும் சேர்த்து ஏமாற்றுகிறேனா?

வி.

அன்புள்ள வி.,

"பெரிதாக ஏக்கமும் இல்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். உங்கள் கேள்விக்கும் உங்கள் பெண்ணின் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

புகையை இழுத்த 10, 20 வினாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இறங்க இறங்க உடம்பு அடுத்ததைக் கேட்கும். தூங்கும் நேரம் போக ஒரு நாளைக்கு 15 என்ற உங்கள் கணக்கு அப்படி வந்ததுதான். நிறுத்தியவருக்கு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை, கண்டதற்கெல்லாம் கோபம். பிறகு மெல்ல இறங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீண்ட நாள் புகைத்தவர் மூளையில் நிகோடினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும். அவையும் சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன.

48 நாளை இதோடு வைத்துப் பாருங்கள். மாலையைக் கழற்றும்போது உங்கள் உடம்பு சிகரெட் கேட்பதை எப்போதோ நிறுத்தியிருக்கிறது. எல்லாரும் பயப்படுகிற அந்த முதல் வாரத்தை நீங்கள் நான்கு முறை கடந்திருக்கிறீர்கள். மன உறுதி இல்லாதவர் செய்கிற காரியமா அது?

பயத்தால் விட்டீர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. மாலை போட்டதும் என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பச்சைத்தண்ணீரில் குளிக்கிறீர்கள். நாளின் முதல் சிகரெட் இருந்த இடத்தில் குளியலும் சரணமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. உங்கள் பெயரே மாறிவிடுகிறது. பெற்ற பெண்ணும் "சாமி" என்கிறாள், டீக்கடைக்காரரும் "வாங்க சாமி" என்கிறார். பத்து வருஷமாக உங்கள் தலையைக் கண்டதும் பாக்கெட்டைத் திறந்து நீட்டும் கூட்டாளி, கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் தன் கையில் இருப்பதையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். மாலை போட்டவர் சாவு வீட்டுக்குப் போவதில்லை. நம் பக்கத்துச் சாவுப் பந்தலில் வெற்றிலைத் தட்டோடு பீடிக்கட்டும் சிகரெட்டும் சுற்றி வருமே, அதுவும் உங்கள் கண்ணில் படுவதில்லை. ஊரே சேர்ந்து நின்று உங்களுக்கு வரப்புக் கட்டிக்கொடுக்கிறது. தனி மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அத்தனை வரப்பும் ஒரே பகலில் உடைகிறது. குருசாமியோ தாயாரோ மாலையைக் கழற்றுகிறார்கள். மதியம் தூங்குகிறீர்கள். சாயங்காலம் பேன்ட் சட்டையோடு கடைத்தெருவுக்குப் போனால் பழைய பெயர், பழைய பெஞ்சு, "என்னய்யா, மலைக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்று நீளும் பாக்கெட். விரதத்துக்குத்தான் 48 நாள் கெடு இருந்தது. புகையை விடுவதற்கும் நீங்கள் அதே கெடுவை வைத்துக்கொண்டுவிட்டீர்கள். மாலை போடும் நாளுக்காகத் துணி எடுத்து, துளசி மணி வாங்கி, நாள் பார்த்து அத்தனை ஆயத்தம் செய்கிற நாம், கழற்றும் நாளுக்கென்று ஒன்றுமே செய்வதில்லை.

நானும் 22 வருஷம் புகைத்தவன். ஒரு ஆடிப்பெருக்கன்று திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் நின்று, பாதி பாக்கெட்டைக் காவிரியில் வீசிவிட்டு வந்தேன். ராத்திரி மன்னார்குடி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒன்றே ஒன்று வாங்கினேன். அதை விடுங்கள், அது வெறும் ஆவேசம். நான் எண்ணிப் பார்ப்பது 2018ஆம் வருஷத்து முயற்சியை. ஏப்ரலில் விட்டேன். ஏழு மாதம் தொடவில்லை. இனி நான் புகைக்காதவன் என்று முழுதாக நம்பினேன். நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வந்தது. மறுநாள் அண்ணனின் தென்னந்தோப்புக்குப் போனேன். அப்பா வைத்த மரங்கள், 40 வயது மரங்கள், எல்லாம் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. அண்ணன் ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். எதுவும் பேசவில்லை. சிகரெட்டைப் பற்றவைத்து, என்னிடம் இன்னொன்றை நீட்டினான். அதை மறுப்பது அவனையே மறுப்பது போல இருந்தது. வாங்கிக்கொண்டேன். ஒரு வாரத்தில் பழைய கணக்குக்கு வந்துவிட்டேன்.

அன்று உடம்பு கேட்கவில்லை என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன். ஏழு மாதம் கழித்துக் கேட்க அங்கே என்ன இருக்கிறது? துக்கத்தில் பக்கத்தில் உட்கார எனக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். இது புரிய மூன்று மாதம் ஆயிற்று. புரிந்த பிறகு அண்ணனிடம் போய், "இனிமே எனக்கு நீட்டாதே, உன் பக்கத்துல நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்று சொன்னேன். 2019 பிப்ரவரியில் விட்டது. பிறகு தொடவில்லை.

அதனால் ஒன்பது முறை தோற்றேன் என்று நீங்கள் எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1,200க்கும் மேற்பட்ட புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவர் முழுதாக விடுவதற்குள் சராசரியாக 30 முறையோ அதற்கு மேலோ முயல வேண்டியிருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. சின்னச் சின்ன முயற்சிகளையும் சேர்த்த கணக்கு அது. உங்களுடைய ஒன்பதில் ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் கையிலிருந்து உடைந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைத்தெரு சாயங்காலம் நான்கு, நெல்குவியல் ராத்திரி ஒன்று என்று ஐந்தை ஏற்கெனவே எனக்கு எழுதிவிட்டீர்கள். மீதி நான்கையும் எழுதுங்கள். கார்த்திகை பிறக்கும் முன் அந்த நான்கையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பீடியைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே புகையிலை கொஞ்சம்தான், இலைதானே சுற்றியிருக்கிறது என்று பலர் அதைச் சாதுவாக நினைக்கிறார்கள். அணையாமல் இருக்க அதைப் பலமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருப்பதால், உள்ளே போகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல.

மருந்து விஷயத்தில் கூச்சம் வேண்டாம். வெறும் வைராக்கியத்தில் விடுகிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பவர் 100க்கு 3 முதல் 5 பேர்தான். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் இது நன்றாகவே உயர்கிறது. நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் கிடைக்கும். அதை மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாகக் கடித்து, நாக்கில் சுருக்கென்று உறைத்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். உறைப்பு அடங்கினால் மறுபடி ஒரு கடி. மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதை மருத்துவர் சொல்ல வேண்டும். வாரெனிக்லின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் உண்டு, அவையும் மருத்துவர் சீட்டோடுதான். தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். அந்தப் பெயரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். சிகரெட் உறையிலேயே 1800-11-2356 என்று அச்சிட்டிருக்கிறது, கட்டணமில்லாத அரசு எண். இத்தனை வருஷம் அந்த உறையைக் கையில் வைத்திருந்தும் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். நானும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும்.

டெல்டாக்காரருக்கென்று இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, காபி. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கி, காபியிலுள்ள கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடுகின்றன. புகையை நிறுத்தியதும் அந்த முடுக்கம் போய்விடும். அதே நாலு டம்ளர் டிகிரி காபி இப்போது உடம்பில் இரண்டு மடங்காகத் தங்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது. நாம் அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்து ஓடிப்போய்ப் பற்றவைப்போம். எனக்கு இது தெரியாமலே இரண்டு முயற்சி வீணாயிற்று. விடுகிற அன்றே காபியையும் பாதியாக்குங்கள். சூயிங்கம் வாயில் இருக்கும்போதும், அதற்குக் கால் மணி நேரம் முன்பும் காபி கூடாது, மருந்து சரியாக ஏறாது.

இன்னொன்று, வெற்றிலை. கும்பகோணத்துக் கொழுந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, வேதாரண்யம் பக்கம் புகையிலையே விளைந்த மண். சிகரெட்டை விட்டேன் என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு திரியும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அது விட்டதே ஆகாது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் கிராம்பு, ஓமம், நெல்லிக்காய் வற்றல் எதுவோ வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கம் ஒரு தடவை எழுந்தால் சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நேரத்துக்கு மட்டும் தாங்கினால் போதும்.

வயது 49 என்பதால் இதையும் சொல்கிறேன். ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 1951இல் மருத்துவர்களையே எடுத்துக்கொண்டு ஆராயத் தொடங்கினார். ஐம்பது வருஷக் கணக்கு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 50 வயது வாக்கில் விட்டவர்கள் அதில் ஏறத்தாழ 6 ஆண்டைத் திரும்பப் பெற்றார்கள். உங்கள் பெண்ணுக்கு அந்த 6 ஆண்டு எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். அவளிடம், "சாமிக்காகவும் இல்லைம்மா, ஊர் கூட இருந்ததால முடிஞ்சுது. இந்தத் தடவை நீயும் கூட இரு" என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாலை போடுங்கள். யாரையும் நீங்கள் ஏமாற்றவில்லை. ஆனால் போடுவதற்கு முன்பே கழற்றும் நாளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாலை போனாலும் விடிகாலைக் குளியல் போகக் கூடாது. கடைத்தெருக் கூட்டாளியிடமும், திரும்பும் வழியில் டீக்கு இறங்கும்போது வேனில் கூட வருகிறவர்களிடமும், "எனக்கு நீட்டாதே" என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அறுவடை சமயத்தில் நெல்லுக்குக் காவல் படுக்கப் போகும்போது துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். சூயிங்கம் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கழற்றுகிற அன்று சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் மன்னார்குடிக்கு வந்துவிடுங்கள், பெண்ணையும் அழைத்துக்கொண்டு. ஹரித்ராநதியை ஒரு சுற்று நடந்து வருவோம். பெரிய குளம், சுற்றி முடிக்க நேரம் எடுக்கும். பெட்டிக்கடை இல்லாத கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டுவைக்கிறேன். தேதியை மட்டும் எழுதுங்கள்.